ஒருத்தருக்கும் இல்லாத பெயர்

உ
அல் கூஸ், துபாய்
9.2.2025

என் அன்பு மகள் லியானாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இடுப்பில் இந்த நாரிப்பிடிப்பைத் தவிர எனக்கு வேறு வருத்தம் இல்லை. நீயும் சுகமாய் இருக்க நல்லூரான் துணை. இனிப் போன் வேண்டாம், கடிதம் எழுதுவோம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. பெரியம்மா போனை ஸ்பீக்கரில் போட்டால் அயலட்டை முழுக்கக் கேட்கும். இங்கே நான் வேலை செய்கிற வீட்டிலும் மேடத்துக்கு ஏழு மாதம், படுத்தே இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கதைச் சத்தம் ஆகாது. கடுதாசியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய்.

இந்த வீட்டுப் புதினத்தைக் கேள். மேடம் இங்கிலீஸ்காரி, சேர் இத்தாலிக்காரர் என்று உனக்குத் தெரியும். வரப்போவது பெண்பிள்ளை. அதற்கு வைக்கிற பெயர் லண்டனிலும் வாயில் நிற்கவேண்டும், இத்தாலியிலும் வாயில் நிற்கவேண்டுமாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மேடம் ஹெதர் என்றால் சேரின் தாய் வீடியோவில் 'எதர்' என்கிறார். சேர் கியாரா என்று எழுதிக் காட்டினால் மேடத்தின் தாய் 'சியாரா' என்று வாசிக்கிறார். பிறகு நாள் முழுக்க இரண்டு பேருக்கும் முகம் எட்டு முழம்.

பெயரைச் சோதிக்கிற விதம்தான் பெரிய பகிடி. சேர் படிக்கட்டில் நின்று, பார்க்கில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற மாதிரிக் கூப்பிடுவார். மேடம் கட்டிலில் கிடந்தபடி கூப்பிடுவார். அதோடு முடிந்ததா? "ரூபி, நீயும் கூப்பிடு. நீதானே அதிகம் கூப்பிடப்போகிறாய்" என்று என்னையும் விட்டபாடில்லை. சிவரூபி அவர்கள் வாயில் நிற்காமல் ரூபியாய்ப் போனதுபோல அந்தப் பிள்ளைக்கும் ஆகக்கூடாது என்று பயம்போல.

மேடமே சொல்லிவிட்டார், ஆவணியில் ஒரு மாதம் லீவு. தன் அம்மா லண்டனிலிருந்து வந்து பிள்ளையைப் பார்ப்பாராம். ஆகவே நீ பெரியபிள்ளை ஆனதற்கு வைக்கிற சாமத்திய வீட்டை ஆவணிக்கே வைக்கச் சொல். தாய் வரும்வரை தள்ளிப்போடுவது ஊரில் நடக்காததா? சீலை என்ன நிறத்தில் வேண்டும் என்று எழுது. அடுத்த ஞாயிறு ரம்ஸியாவோடு ஷார்ஜா ரோலாவுக்குப் போவேன். பக்கத்து வீட்டில் வேலை செய்கிற புத்தளத்துப் பிள்ளை அவள், உனக்குச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரனோடு விலை பேச அவளை விட்டால் ஆள் இல்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா சிவரூபி


கோண்டாவில்
16.2.2025

அன்புள்ள அம்மா,

கடிதம் கிடைத்தது. கிணற்றடியில் நின்று வாசித்தேன், ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் எழுத்து முன்னைவிடக் கோணலாய்ப் போயிருக்கிறது. எனக்குப் பாடம் சொல்லித் தந்த காலத்தில் இப்படி எழுதியிருந்தால் நான் உங்களிடம் படித்திருக்க மாட்டேன்.

இளநீலச் சீலை வாங்குங்கள். கரை வெள்ளியில் இருக்கட்டும். மற்றப் பெட்டைகள் எல்லாரும் சிவப்பும் பச்சையும் கட்டிக் கோயில் தேர்மாதிரி நிற்கிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். கோபப்படாதீர்கள். பெரியம்மா சொல்கிறார், நீங்கள் வந்தாலும் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாதாம். "புருசன் இல்லாதவள் ஆராத்தி எடுக்க ஏலுமே? சபை சந்தி ஒண்டு இருக்கல்லோ. நான் எடுக்கிறன்" என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. "என்ர அம்மா எடுக்காட்டில் எனக்குச் சாமத்திய வீடு வேண்டாம், நான் அறைக்குள்ளயே இருக்கிறன்" என்று சொன்னேன். கனடாவிலிருந்து மாமா போன் எடுத்துப் பேசி, கடைசியில் பெரியம்மா, சரி, தாயே எடுக்கட்டும் என்று இறங்கி வந்தார். ஊர் என்ன கதைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வந்து எடுங்கள்.

வகுப்பில் புது ரீச்சர் என் பெயருக்குக் கருத்து என்ன என்று கேட்டார். கருத்து இல்லை, அப்பா செய்த பெயர் என்று சொன்னேன். பரணி நட்சத்திரத்துக்கு 'லி'யில் தொடங்கவேண்டும் என்று சாத்திரியார் சொன்னதும், எல்லாரும் லீலாவதி, லிங்கேஸ்வரி என்று சொல்லச் சொல்ல, அப்பா ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்து, பிறகு என் காதில் மூன்று தரம் சொன்னாராமே? 'இந்த யாழ்ப்பாணத்தில ஒருத்தருக்கும் இல்லாத பேர், என்ர பிள்ளைக்கு மட்டும்' என்று சொல்லி ஓட்டோவின் பின்பக்கத்தில் பெரிதாய் எழுதுவித்தாராமே? நீங்கள் சொன்னபடியே சொன்னேன். ரீச்சர், வடிவான பெயர் என்றார்.

வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பெயர் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் லீலாவதி என்று வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்
லியானா


உ
அல் கூஸ்
20.4.2025

என் அன்பு மகள் லியானாவுக்கு,

நீ எனக்காகப் பட்டினி கிடந்ததை வாசித்து அழுதேன். பெத்த வயிறு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அது இதுதான். உன் அப்பா இருந்திருந்தால் உன்னைத் தூக்கித் தோளில் வைத்திருப்பார்.

இப்போது பெரிய புதினம். பிள்ளை பிறந்துவிட்டது. பெயரும் வைத்தாயிற்று. என்ன பெயர் என்று நினைக்கிறாய்? நான் சொன்னால் நம்பமாட்டாய்.

பங்குனிக் கடைசியில் மிலா என்று முடிவெடுத்தார்கள். பார்த்தால் இந்த ஒழுங்கையிலேயே மூன்று மிலா. பிறகு எலேனா என்றார்கள். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். "தொலைந்த பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, ரூபி" என்றார் மேடம். நான் எலேனா என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னால் என் வாய்க்கு ஒரு பெயர்தானே தெரியும். "லியானா, வாம்மா, விளக்கு வைக்கிற நேரமாச்சு" என்று வந்துவிட்டது.

மேடம், அது என்ன, திரும்பச் சொல் என்றார். சேர் படியில் நின்று கூப்பிட்டார். உடனே இத்தாலிக்குப் போன் எடுத்தார், தாய் தங்குதடை இல்லாமல் சொன்னார். லண்டனுக்கு எடுத்தார்கள், மேடத்தின் தாயும் சொன்னார். மேடம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன் மகளின் பெயர் அல்லவா? உனக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை மேடம், எனக்குச் சந்தோசம் என்றேன். உண்மையிலேயே சந்தோசம்தான் பிள்ளை. அப்பா பள்ளிக்கூடம் ஒழுங்காய்ப் போகாத மனுசன். அவர் செய்த பெயர் இரண்டு தேசத்துக்காரருக்கும் பிடித்திருக்கிறது.

இவர்களுக்கு நம்முடைய வழக்கம் ஒன்றும் தெரியாது. நான்தான் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, காதில் பெயரை மூன்று தரம் சொன்னேன்.

பெயரைக் கொடுத்தவளுக்கு லீவு கொடுக்கமாட்டார்களா? ஆவணி நிச்சயம். சீலை வாங்கிவிட்டேன், நீ சொன்ன அதே இளநீலம்.

உன் அம்மா
சிவரூபி


கோண்டாவில்
24.4.2025

அம்மா,

நீங்கள் என்னைக் கேட்டீர்களா? மேடம் உங்களிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை.

அப்பா செத்த பிறகு ஓட்டோவை விற்றீர்கள். வாங்கின ஆள் என் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் மகன் பெயரை எழுதினார். அது கடனுக்கு விற்றது, எனக்கு விளங்குகிறது. இது எதற்கு? அப்பா என் காதில் சொன்னதை எடுத்துப்போய் அந்தப் பிள்ளையின் காதில் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி. சொன்னது சொன்னதுதான். ஆவணிக்கு வாருங்கள். வந்தால் இதைப் பற்றி நான் கதைக்கமாட்டேன்.

லியானா
(நான் முதல் லியானா)


உ
அல் கூஸ்
20.7.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னித்துக்கொள். பிள்ளை என் கையை விட்டால் அழுகிறது. இப்போது நித்திரை, அதனால் எழுதுகிறேன்.

உன்னோடு போனில் கதைக்க ஏலாததற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையின் காதில் இங்கிலீஸும் இத்தாலிப் பாஷையும் மட்டும்தான் விழவேண்டும் என்று மேடம் சட்டம் போட்டிருக்கிறார். மூன்றாவது பாஷை கேட்டால் குழம்பிவிடுமாம். போன மாதம் உன்னோடு இரண்டு வார்த்தை கதைத்தேனே, அன்றைக்கு மேடம் என்னைக் கூப்பிட்டு, மிகவும் அன்பாகத்தான், "ரூபி, அந்தப் பெயரைச் சொல்லி நீ வேறு ஆளோடு கதைத்தால் பிள்ளை தன்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைக்கும். பாவம், இல்லையா? உன் மகளுக்கு வீட்டுப் பெயர் ஏதும் இல்லையா?" என்று கேட்டார். இனி 'மகள்' என்று சொல்கிறேன் மேடம் என்றேன்.

சேரின் தாய் வந்து நிற்கிறார். இத்தாலியில் பாட்டியை நோனா என்பார்களாம். நம்முடைய நாட்டில் சிங்களவர் எசமானியை நோனா என்பார்கள். வந்தவர் இரண்டும்தான். லியானா என்பது தன்னுடைய சின்னம்மாவின் பெயர் என்று வருகிற போகிற எல்லாருக்கும் சொல்கிறார். மேடமும் இப்போது அப்படியே சொல்கிறார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றபோது, "ரூபியின் மகளுக்கும் இதே பெயர்தான், என்ன அதிசயம் பாருங்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதியே ஆகவேண்டும். மேடத்தின் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து லண்டனில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மேடம் ஆவணியில் திரும்ப வேலைக்குப் போகிறார். பிள்ளை என்னிடம் மட்டும்தான் பால் குடிக்கும். "நீ பெயர் கொடுத்த பிள்ளையை நீயே விட்டுப்போவாயா?" என்று கேட்கிறார். மார்கழிக் கடைசியில் நிச்சயம் விடுவாராம். சாமத்திய வீட்டை மார்கழி கழித்துத் தைக்கு மாற்றச் சொல்லு, என் செல்லம் அல்லவா? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன்.

அம்மா


கோண்டாவில்
27.7.2025

அம்மாவுக்கு,

மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று. மாமாவும் மாமியும் கனடாவிலிருந்து ரிக்கற் போட்டுவிட்டார்கள். எல்லாரும் உங்களுக்காகத்தான் ஆவணி என்று வைத்தது. இனி ஒரு நாளும் மாற்றமுடியாது என்று மாமா சொல்லிவிட்டார்.

பெரியம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பார்த்தியோ, இதுக்குத்தான் ரெண்டு நாள் பட்டினி கிடந்தனி" என்றார். நான் எழும்பிப்போய் முகம் கழுவினேன். பொய் சொல்லவில்லையே அவர்.

நீங்கள் கடிதத்தின் மேலே 'லியானாவுக்கு' என்று எழுதவில்லை. அந்த வீட்டில் சொல்லத்தான் தடை. கடுதாசியில் எழுதுவதை அந்தப் பிள்ளை வாசிக்குமா? உள்ளே லியானா என்று ஒரு இடத்தில் இருக்கிறது. அது அவளைப் பற்றி.

நான் தானாகத்தான் வளர்கிறேன். நீங்கள் ஊட்டுங்கள்.

மகள்


உ
அல் கூஸ்
7.9.2025

அன்பு மகளுக்கு,

விழா வீடியோவை மாமி அனுப்பினார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பிள்ளை மடியில் கிடந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு நடந்து வருகிறாய். என் உயரம் வந்துவிட்டாய். பெரியம்மா ஆராத்தி எடுக்கிறார். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கமராவையும் பார்க்கவில்லை. இளநீலச் சீலையைக் காணவில்லையே, ஊருக்குப் போன ரம்ஸியாவின் தம்பியிடம் கொடுத்துவிட்டேனே, வந்து சேரவில்லையா? நீ கட்டியிருந்தது சிவப்பு.

நீ கேட்டதற்குப் பதில் எழுதவேண்டும். மேடம் கடுதாசியைத் தடுக்கவில்லை. உன் பெயரை எழுதத்தான் பேனையை எடுக்கிறேன். எடுத்ததும் அந்தப் பிள்ளையின் முகம் வந்து நிற்கிறது. நல்லூரான் சத்தியமாய் அதைக் கலைத்துப் பார்த்தேன் பிள்ளை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதைக் குளிப்பாட்டுகிறேன், அதை உறங்க வைக்கிறேன். ஏழு வருசமாய் உன்னை நான் தொட்டதில்லை. பொய்யாய் உன் பெயரை எழுத மனம் வரவில்லை. அதனால்தான் மகள் என்று எழுதினேன். அது பொய் இல்லை.

வீடியோவில் இன்னொன்றும் பார்த்தேன். மண்டப வாசலில் உன் படம் போட்ட பனரில் 'செல்வி கஜானி மகேசன்' என்று இருக்கிறது. அப்பா பெயர் சரி, முன்னால் அச்சடித்தவன் வேறு யாருடைய பெயரையோ மாற்றிப் போட்டுவிட்டானா? ஒருவரும் கவனிக்கவில்லையா?

அம்மா


கோண்டாவில்
14.9.2025

லியானாவின் அம்மா அவர்களுக்கு,

அச்சடித்தவர் மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன். கஜானி என்று மாமி இரண்டு மூன்று பெயர் சொன்னதில் ஒன்றைப் பிடித்தேன். இந்த ஊரிலேயே இன்னும் ஐந்தாறு கஜானி இருக்கிறார்கள். அதனால் ஒருவரும் இதைப் பறிக்கமாட்டார்கள்.

சீலை வந்தது. பக்கத்து வீட்டுப் பெட்டைக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு நீலம் வடிவு.

வீட்டிலும் ரியூசனிலும் எல்லாரும் கஜானி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பதிவிலும் பிறப்புப் பத்திரத்திலும் மாற்றுவதற்குத் தாயின் கையெழுத்து வேண்டுமாம். பெரியம்மா அரசாங்கக் கச்சேரியில் கேட்டு வந்தார். கடுதாசியை இதோடு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் ஒரு தரம் 'எனக்குச் சந்தோசம் மேடம்' என்று சொன்ன விசயம்தான், புதிதாய் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையைக் கவனமாய்ப் பாருங்கள். பல் முளைக்கிற காலத்தில் எனக்கு வயிற்றோட்டம் வந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு
கஜானி


அல் கூஸ்
28.9.2025

மகள் கஜானிக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் பழக்கதோசத்தில் ரூபி என்று போட்டு, அது செல்லாது என்று ரம்ஸியா சொல்லி, வேறு கடுதாசி எடுத்துச் சிவரூபி என்று போட்டேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

உனக்குக் கோபம் ஆறும்வரை காத்திருப்பேன்.

அம்மா


உ
அல் கூஸ்
7.12.2025

மகளுக்கு,

போன கடிதத்துக்குப் போனில் நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. வாசித்தாய் என்று தெரிந்ததே போதும். இதையும் வாசி.

ரம்ஸியா வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாமல், லியானா என்பது ரூபியின் மகளிடமிருந்து எடுத்த பெயர் என்று தன் மேடத்திடம் சொல்லிவிட்டாள். அந்த மேடம் போன மாதம் இங்கே விருந்தில் எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தார். "வேலைக்காரியின் பிள்ளையின் பெயரையா வைத்தீர்கள்? ஏன், உங்கள் இரண்டு பாஷையிலும் ஒன்றும் கிடைக்கவில்லையா?" எங்கள் மேடத்தின் முகம் செத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மறுநாள் காலையிலிருந்து பிள்ளையை எம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பத்திரத்தில் அது இரண்டாவது பெயராக இருந்தது. நோனாவும் எம்மா என்கிறார். தன் சின்னம்மாவைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

பிள்ளைக்கு எட்டு மாதம். எம்மா என்றால் அது திரும்பிப் பார்க்காது. பழைய பெயரைச் சொன்னால்தான் திரும்பும். ஆகவே அந்தப் பெயரை நான் வாயால் சொல்லக்கூடாது என்று கட்டளை. சமையலறையில் நின்று வாய்தவறி ஒரு நாள் சொல்லிவிட்டேன், பிள்ளை தவழ்ந்து வந்துவிட்டது. அன்றைக்கே மேடம் கூப்பிட்டார். "ரூபி, நீ ஏழு வருசமாய் வீட்டுக்குப் போகவில்லை, பாவம். போய் உன் மகளோடு இரு" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். விசா முடிக்கிறார்கள். டிரைவர் நிஜாம் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "கலாஸ், அக்கா?" என்று கேட்டான். கலாஸ், முடிந்தது என்றேன்.

நீ கேட்ட லீவு இப்போது கிடைத்திருக்கிறது, பார். அதுவும் திரும்பி வராத லீவு.

அப்பா உன் காதில் சொன்ன பெயர் இப்போது உன்னிடமும் இல்லை, அந்தப் பிள்ளையிடமும் இல்லை. ஒருத்தருக்கும் இல்லாத பெயர் என்று அந்த மனுசன் சொன்னார். அப்படியே ஆக்கிவைத்தது நான்தான்.

மார்கழி இருபதாம் திகதி காலையில் கோண்டாவிலுக்கு வந்துவிடுவேன். விமான நிலையத்துக்கு ஒருவரும் வரவேண்டாம், பஸ் பிடித்து வருகிறேன். ரம்ஸியாவின் அறையில் நின்று கஜானி, கஜானி என்று கூப்பிட்டுப் பழகிப் பார்த்தேன். "யார கூப்பிடுறீங்க?" என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் பழகிவிடுவேன்.

வந்து படலையில் நின்று கூப்பிடுவேன். எந்தப் பெயருக்கு வெளியே வருவாய் என்று மட்டும் எழுது. அதுவும் ஏலாது என்றால் பெரியம்மாவிடம் சொல்லி அன்று காலையில் நாயையாவது கட்டிவைக்கச் சொல். அதற்கும் என்னைத் தெரியாது.

அம்மா
சிவரூபி